நகல் இருக்கிறது, திறந்து பார்த்தீர்களா?

சென்ற மார்ச் மாதம் நம் சங்க அலுவலகத்தில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லித்தான் இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. சொல்லக் கூச்சமாகத்தான் உள்ளது. ஆயினும் உறுப்பினர் பெருமக்களில் நாலு பேருக்காவது பயன்படுமானால், கூச்சத்தை ஒதுக்கி வைப்பதில் தவறில்லை.

சந்தாக் கணக்கு, கட்டட நிதி, குடும்ப நல நிதி எல்லாமே பல ஆண்டுகளாக அலுவலகக் கம்ப்யூட்டரில்தான் இருந்து வருகின்றன. ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் அலுவலக எழுத்தர் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து, அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அதற்கென்று தனி நோட்டு உண்டு. தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருக்கும். இரண்டு வருடத்தில் ஒரு வாரம்கூட விடுபடவில்லை. செயற்குழுவில் அந்த நோட்டைப் பார்த்துப் பாராட்டுகூடத் தெரிவித்தோம்.

மார்ச்சில் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது. நாம் பதறவில்லை. நகல்தான் இருக்கிறதே! பென் டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தோம். உள்ளே கணக்கு இல்லை. கணக்கு சாப்ட்வேரைத் திறப்பதற்காகத் திரையில் ஒரு சின்னப் படம் இருக்குமே, அந்தப் படம் மட்டும் இருந்தது. இரண்டு வருடமாக வாராவாரம் நகல் எடுக்கப்பட்டது அந்தப் படம்தான். பெட்டிக்குள் இருக்கும் சரக்கை விட்டுவிட்டு, பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டைப் பத்திரப்படுத்திய கதையாகிவிட்டது.

நல்லவேளையாக ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள் இருந்தன. இருவர் உட்கார்ந்து மூன்று வாரம் இரவு பகலாகப் பதிந்து கணக்கை மீட்டார்கள். எழுத்தரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. நகல் எடுக்கச் சொன்னோம், எடுத்தார். திறந்து பார்க்க வேண்டும் என்று நாமும் சொல்லவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

இதன் பிறகுதான், இந்த வேலையையே தொழிலாகக் கொண்டவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினோம். விசாரித்ததில், உலகப் புகழ் பெற்ற கம்பெனிகளே நம்மைப்போல அசடு வழிந்திருக்கின்றன என்று தெரிந்தபோது, சற்று ஆறுதலாகவும் அதைவிட அதிகம் பயமாகவும் இருந்தது.

பில்லுக்குப் பின்னால் இருப்பது

கடையில் பில் போடும் சாப்ட்வேரை நாம் பார்க்கிறோம். அதற்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், டேட்டாபேஸ் என்று ஒன்று இருக்கிறது. விற்ற சரக்கு, இருப்பு, விலை, வாடிக்கையாளர் பாக்கி எல்லாம் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் இடம் அதுதான். பில் சாப்ட்வேர் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் என்றால், டேட்டாபேஸ் உள்கட்டில் பேரேட்டோடு உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை. பெரிய கம்பெனிகளில் இந்த டேட்டாபேஸைப் பராமரிப்பதற்கென்றே ஆள் இருப்பார். அவரை டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர், சுருக்கமாக டி.பி.ஏ., என்பார்கள். நம் கடைகளில் அந்த வேலைக்கு ஆள் கிடையாது. சாப்ட்வேர் விற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நாம் நினைக்கிறோம். கடைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று அவர் நினைக்கிறார்.

டேட்டாபேஸ் வேலை செய்யும் முறையில் ஒரு விஷயம் நம்மவர்களுக்கு உடனே புரியும். பழைய மண்டிகளில் வியாபாரம் நடக்க நடக்க முதலில் சிட்டையில் எழுதுவார்கள். பிறகுதான் ஆற அமரப் பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேடு பாதியில் நின்றாலும் சிட்டையைப் பார்த்து மீதியை ஏற்றிவிடலாம். டேட்டாபேஸும் அதே முறைதான். எந்த மாற்றமும் முதலில் 'லாக்' என்னும் சிட்டையில் பதிவாகும்; அதன் பிறகே உள்ளே இருக்கும் பேரேட்டில் ஏறும். பில் போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டதும் டேட்டாபேஸ் தன் சிட்டையைப் படித்து, முடிந்த பில்லை ஏற்றிவிடும்; பாதியில் நின்ற பில்லை நீக்கிவிடும். இந்த மீட்பு முறையைத் திட்டமாக வகுத்து 'ஏரீஸ்' என்ற பெயரில் 1992-இல் வெளியிட்டவர்களில் முதன்மையானவர் சி. மோகன். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். ஐ.பி.எம்.மின் டிபி2, மைக்ரோசாஃப்ட்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் ஆகியவை அந்த வழியைப் பின்பற்றுகின்றன. நம் ஊர்க் கடையில் கரண்ட் போய் வந்த பிறகும் பில் கணக்கு சரியாக இருக்கிறதென்றால், அதில் அவர் பங்கும் உண்டு.

ஆனால் சிட்டையும் பேரேடும் ஒரே பெட்டிக்குள் இருந்து, பெட்டியே எரிந்துபோனால் எந்த முறையும் காப்பாற்றாது. அப்போது வேண்டியது வெளியே இருக்கும் நகல்.

விடியற்காலை 5 மணிக்கு நடந்த தவறு

கிட்லேப் என்பது, சாப்ட்வேர் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கவும் பகிர்ந்துகொள்ளவும் இடம் தரும் கம்பெனி. நம் பாஷையில் சொன்னால் பெரிய கிடங்கு. ஊரார் சரக்கெல்லாம் அங்கே இருக்கும். 2017 ஜனவரி 31 அன்று இரவு, கிரீன்விச் நேரப்படி சுமார் 11.30 மணிக்கு, அங்கு ஒரு விபரீதம் நடந்தது. நம் நாட்டில் அப்போது பிப்ரவரி 1, விடியற்காலை 5 மணி.

அவர்களிடம் இரண்டு டேட்டாபேஸ் கம்ப்யூட்டர்கள் இருந்தன. முதலாவதில் எழுதப்படுவதை இரண்டாவது பார்த்துப் பார்த்துத் தானும் எழுதிக்கொள்ளும். அன்றைக்கு வேலைப் பளு ஏறியதால் இரண்டாவது பின்தங்கிப் போயிற்று. அது பார்த்து எழுதுவதற்குள் முதலாவது தன் பழைய சிட்டைகளைக் கழித்துவிட்டது. ஆகவே இரண்டாவதைத் துடைத்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி நகல் எடுக்க வேண்டும். அதற்கான கட்டளை கொடுத்தும் ஒன்றும் நகரவில்லை. இரண்டாவதில் ஏதோ பழைய மிச்சம் தடுக்கிறது என்று எண்ணிய ஊழியர் அதை அழிக்கக் கட்டளை கொடுத்தார். கொடுத்த இடம் இரண்டாவது அல்ல, முதலாவது.

ஓரிரு வினாடியில் தவறு தெரிந்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜி.பி. கணக்கில் 4.5 ஜி.பி. மட்டுமே மிஞ்சியது.

இதில் நமக்குப் பாடம் அந்தத் தவறல்ல. நள்ளிரவில் களைத்துப் போன மனிதன் கை தவறுவது எங்கும் நடக்கும். அதன் பிறகு நடந்ததுதான் பாடம். சரி, நகலை எடுப்போம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். தினமும் ஒருமுறை முழு நகல் எடுத்து அமேசான் கம்பெனியின் சேமிப்பில் வைக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. காரணம், டேட்டாபேஸ் 9.6 என்ற பதிப்புக்கு மாறிவிட்டது. நகல் எடுக்கும் கருவியோ 9.2 என்ற பழைய பதிப்பாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒத்துப்போகாமல் நகல் எடுப்பது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. அப்படித் தோற்றால் மின்னஞ்சலில் தகவல் வர வேண்டும். அந்த மின்னஞ்சல்களில் உரிய முத்திரை இல்லையென்று அஞ்சல் சர்வர் அவற்றைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. ஆக, நகலும் இல்லை, இல்லை என்ற செய்தியும் இல்லை. டிஸ்க்கையே அப்படியே படம் பிடித்து வைக்கும் இன்னொரு வசதியை மற்றக் கம்ப்யூட்டர்களுக்குப் போட்டிருந்தார்கள். டேட்டாபேஸ் கம்ப்யூட்டருக்குப் போடவில்லை. இரண்டாவது கம்ப்யூட்டரையோ அவர்களே துடைத்துவிட்டிருந்தார்கள். ஐந்து விதமான ஏற்பாடுகளில் ஒன்றுகூட நம்பும்படி வேலை செய்யவில்லை, அல்லது ஆரம்பத்திலேயே அமைக்கப்படவில்லை என்று அவர்களே எழுதி வெளியிட்டார்கள்.

பிழைத்தது எப்படி? சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்பு, வேறொரு பரிசோதனைக்காக ஓர் ஊழியர் தன் கையால் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார். தற்செயல்தான். அவர் எடுத்திராவிட்டால் ஒரு நாள் பழைய நகலுக்குப் போக வேண்டியிருக்கும். அந்த நகலைக் கொண்டுவந்து ஏற்றப் பதினெட்டு மணி நேரம் பிடித்தது. அது இருந்த டிஸ்க் மெதுவானது. பிப்ரவரி 1 அன்று கிரீன்விச் நேரப்படி மாலை 6 மணி வாக்கில் கடை திறந்தார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேரக் கணக்கு போனது போனதுதான். சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துக் குறிப்புகள், 700 புதிய உறுப்பினர் பதிவுகள் பாதிக்கப்பட்டன.

ஒன்றைப் பாராட்ட வேண்டும். எதையும் மூடி மறைக்கவில்லை. மீட்பு வேலை நடக்கும்போதே அதை யூடியூபில் உலகம் பார்க்கக் காட்டினார்கள். தவறு செய்த ஊழியரைத் தங்கள் குறிப்பில் 'குழு உறுப்பினர் 1' என்று மட்டும் எழுதினார்கள். பிறகு செய்த திருத்தங்களில் ஒன்று நமக்கு மிகவும் பிடித்தது: எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறோம் என்று பார்த்தவுடன் தெரியும்படி ஒவ்வொன்றின் திரைக் குறியையும் வேறுபடுத்துவது. கெரோசினும் நல்லெண்ணெயும் ஒரே மாதிரி டின்னில் வைக்காதே என்று நம் பெரியவர்கள் சொன்னதும் அதுதானே?

உங்களிடம் மட்டும் இருப்பது எது?

நமக்கு 300 ஜி.பி. கிடையாது, நம் கணக்கு சின்னது என்று உறுப்பினர்கள் சொல்லக்கூடும். கணக்கின் அளவைப் பார்க்க வேண்டாம். போனால் திரும்பக் கிடைக்குமா என்று பாருங்கள். பேங்க் கணக்கு போனால் பேங்கில் ஸ்டேட்மெண்ட் வாங்கலாம். கொள்முதல் பில் போனால், ஜி.எஸ்.டி. போர்ட்டலில் 2பி அறிக்கையில் சப்ளையர் காட்டியது இருக்கும், சப்ளையரிடமும் கேட்கலாம். ஆனால் தெருவில் இருக்கும் நூறு வீடுகளின் மாதப் பாக்கி உங்களைத் தவிர உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை. பாக்கி நோட்டு தொலைந்ததும், "நான் போன மாசமே குடுத்துட்டேனே அண்ணாச்சி" என்று ஒருவர் சொன்னால் உங்களிடம் பதில் இல்லை. சரக்கு இருப்பும் அப்படித்தான். ஆகவே நகல் எடுப்பதில் முதல் கவனம் இந்த இரண்டுக்கும்.

சட்டமும் இதைச் சொல்கிறது. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வரை வைத்திருக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. விதிகளில் 57-ஆவது விதி, கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்கள், விபத்தோ இயற்கைச் சேதமோ நேர்ந்தால் நியாயமான காலத்துக்குள் கணக்கைத் திரும்பக் கொண்டுவரும் வகையில் நகல் வைத்திருக்க வேண்டும் என்கிறது. கவனியுங்கள்: நகல் வைத்திருந்தால் மட்டும் போதாது, அது திரும்ப வர வேண்டும். நம் சங்கத்துப் பென் டிரைவைக் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

இயற்கைச் சேதம் என்பது வெறும் சட்ட வார்த்தை அல்ல என்று 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னைக் கடைக்காரர்கள் கண்டார்கள். கல்லாவுக்குக் கீழே கம்ப்யூட்டர், கல்லா டிராயரில் பென் டிரைவ் என்று வைத்திருந்தால், தண்ணீர் இரண்டையும் ஒன்றாகவே தொடும். மொத்தம் மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில் என்பது டி.பி.ஏ.க்கள் சொல்லும் விதி. இதைப் பரப்பியவர் பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். தன் படங்களைக் காக்க யோசித்தது உலகத்துக்கே விதியாயிற்று. கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு பென் டிரைவை மாற்றி மாற்றி எடுத்துப் போனாலே பாதி வேலை முடிந்தது.

சாப்ட்வேர்காரரிடம் கேட்க வேண்டியவை

முதலில் கேட்க வேண்டியது, என் சாப்ட்வேருக்குப் பின்னால் எந்த டேட்டாபேஸ், எந்தப் பதிப்பு என்பது. பல பில் சாப்ட்வேர்களில் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. நல்ல சரக்குதான். ஆனால் இலவசத்துக்குள் இரண்டு கட்டுப்பாடு உண்டு. குறித்த நேரத்தில் தானாக வேலை செய்யும் 'ஏஜெண்ட்' என்ற பகுதி அதில் வேலை செய்யாது. ஆகவே ராத்திரி தானாகவே நகல் எடுத்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால், எந்த வழியில் என்று கேளுங்கள். விண்டோஸின் நேர அட்டவணை மூலம் வேறு ஏற்பாடு செய்திருந்தால் சரி. அதுவும் இல்லையென்றால் நகல் எடுக்கப்படவே இல்லை. இரண்டாவது, 2008 ஆர்2 முதல் 2022 வரை வந்த எக்ஸ்பிரஸ் பதிப்புகளில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜி.பி.க்கு மேல் வளர முடியாது. பல வருடக் கணக்கை ஒன்றிலேயே வைத்திருக்கும் மொத்தக் கடைகளில் இது ஒருநாள் முட்டும். முட்டினால் புதுப் பில் ஏறாது. அது தீபாவளிக்கு முந்தின நாளாக இருக்க வேண்டாமே. இப்போது எத்தனை ஜி.பி. என்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள்.

அடுத்தது, நகல் எடுக்கும் விதம். டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் பைலை அப்படியே இழுத்துப் போட்டு நகல் எடுப்பது கூடாது. கணக்குப்பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போதே பேரேட்டை ஜெராக்ஸ் எடுப்பது போன்றது அது. ஒரு பக்கத்தில் பற்று இருக்கும், வரவு அடுத்த பக்கத்துக்கு வந்திருக்காது. சாப்ட்வேரில் உள்ள பேக்கப் கட்டளை மூலமே எடுக்க வேண்டும். எடுத்து முடித்ததும் பென் டிரைவைக் கழற்றிவிட வேண்டும். எப்போதும் செருகியே வைத்திருந்தால், பூட்டுப்போட்டுப் பணம் கேட்கும் வைரஸ் வரும்போது நகலையும் சேர்த்தே பூட்டும். கூகுள் டிரைவ் போன்றவற்றில் தானாக ஏறுகிறது என்று நிம்மதியாக இருப்பவர்களும் யோசிக்க வேண்டும். இங்கே கெட்டது அங்கேயும் கெட்டதாகவே ஏறும்.  தேதி வாரியாகப் பழைய பிரதிகளைத் தனித்தனியே வைத்திருக்க வேண்டும். நேற்றையதன் மேல் இன்றையதை ஏற்றக் கூடாது.

பாஸ்வேர்டு விஷயம் சிறியது போலத் தோன்றும். டேட்டாபேஸுக்கு 'எஸ்.ஏ.' என்ற தலைமைச் சாவி உண்டு. அது சாப்ட்வேர் போட்டவருக்கு மட்டும் தெரிந்து, அவர் தொழிலை விட்டுப் போனால், உங்கள் கணக்கு உங்கள் கடையிலேயே பூட்டிக் கிடக்கும். எழுதி வாங்கி, உறையில் போட்டு ஒட்டி, பீரோவில் வையுங்கள். எல்லாக் கடைக்கும் ஒரே பாஸ்வேர்டு போடும் பழக்கம் அவரிடம் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

இனி, பலரும் யோசிக்காத ஒன்று. போன செவ்வாய்க்கிழமை எடுத்த நகலை வெள்ளிக்கிழமை ஏற்றினால், சாப்ட்வேர் செவ்வாய்க்கிழமை பில் நம்பரிலிருந்துதான் தொடரும். புதன், வியாழனில் வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட்ட பில்களின் அதே நம்பர் மறுபடி வரும். ஒரு நிதியாண்டில் ஒரு நம்பர் ஒரு பில்லுக்குத்தான் என்பது ஜி.எஸ்.டி. விதி. கிட்லேப்காரர்களுக்கும் இதே சிக்கல் வந்தது. அவர்கள் எல்லா வரிசை எண்களையும் ஒரே தாவாக 1,00,000 கூட்டிவிட்டார்கள். நாம் அப்படித் தாவ முடியாது. ஆனால் விதி ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை அனுமதிப்பதால், ஆடிட்டரைக் கேட்டுக்கொண்டு புது வரிசை தொடங்கலாம், அல்லது விடுபட்ட பில்களைத் திரும்பப் பதியலாம். இதற்கெல்லாம் கடைசி பில் நம்பர் தெரிய வேண்டும். தினமும் கடை சாத்தும்போது கடைசி பில் நம்பரையும் ரொக்க இருப்பையும் ஒரு காகித நோட்டில் எழுதி வைப்பது அரை நிமிட வேலை.

ஒரு சனிக்கிழமை காலை

இருப்பதே தெரியாமல் இருக்கும் டேட்டாபேஸ் என்ன செய்யும் என்பதற்கு 2003 ஜனவரி 25 சாட்சி. அன்று சனிக்கிழமை. நம் நேரப்படி காலை 11 மணி அளவில் 'ஸ்லாமர்' என்ற வைரஸ் இணையத்தில் இறங்கியது. வெறும் 376 பைட்.  எஸ்.க்யூ.எல். சர்வர் 2000-இல் இருந்த ஓட்டை வழியாகப் புகுந்து, ஆரம்பத்தில் ஒவ்வொரு 8.5 வினாடிக்கும் இரட்டிப்பானது. பத்தே நிமிடத்தில், தாக்கக்கூடிய கம்ப்யூட்டர்களில் பத்தில் ஒன்பதைத் தாக்கிவிட்டது, குறைந்தது 75,000. அமெரிக்காவில் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ஏ.டி.எம்.களில் பெரும்பாலானவை பணம் தரவில்லை. தென் கொரியாவில் இணையமே படுத்துவிட்டது.

அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஆறு மாதம் முன்பே, 2002 ஜூலையில், வெளியிட்டிருந்தது. பலர் போடவில்லை. அதைவிட வேடிக்கை, தங்களிடம் எஸ்.க்யூ.எல். சர்வர் இருப்பதே பலருக்குத் தெரியாது. எக்ஸ்பிரஸின் மூதாதையான எம்.எஸ்.டி.இ. என்ற இலவசப் பதிப்பு, வேறு வேறு சாப்ட்வேர்களோடு ஒட்டிக்கொண்டு வந்து உள்ளே உட்கார்ந்திருந்தது. நம் கடைகளில் இன்று இருக்கும் நிலையும் இதுவேதான். எஸ்.க்யூ.எல். சர்வர் 2014-க்குத் திருத்தங்கள் தருவது 2024 ஜூலை 9-உடன் முடிந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொள்வது தவறென்று சொல்லவில்லை. அதை இணையத்தோடு இணைத்து வைக்க வேண்டிய அவசியம் உண்டா என்று மட்டும் பாருங்கள்.

அவர்களுக்கும் ஒரு சங்கம்

டேட்டாபேஸ்காரர்களுக்கும் நம்மைப்போலச் சங்கம் உண்டு என்பதை இந்த விசாரணையில் அறிந்தோம். 1999-இல் மைக்ரோசாஃப்ட், கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் ஆகிய இரு கம்பெனிகளின் ஆதரவில் 'பாஸ்' என்ற சங்கம் அமெரிக்காவில் தொடங்கியது. ஆண்டுக்கொரு பெரிய மாநாடு. ஊர் ஊருக்குக் கிளைக் கூட்டங்கள். 2007-இல் புளோரிடாவின் ஆர்லண்டோவில் மூவர் தொடங்கிய 'எஸ்.க்யூ.எல். சாட்டர்டே' என்ற சனிக்கிழமைக் கூட்டமும் பிறகு அதன் கீழ் வந்தது. கட்டணம் கிடையாது. உள்ளூர்க்காரர்களே ஏற்பாடு செய்வார்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பார். கம்ப்யூட்டர்க்காரர்கள் எல்லாவற்றையும் திரையிலேயே முடித்துக்கொள்வார்கள் என்று நாம் எண்ணியிருந்தது தவறு. லீவு நாளில் பஸ் ஏறிப் போய் நேரில் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

2020-இல் கொரோனா வந்ததும் மாநாட்டை நேரில் நடத்த முடியவில்லை. சங்கத்தின் வருமானம் பெரும்பாலும் அந்த ஒரு மாநாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தது. 2021 ஜனவரி 15 அன்று பாஸ் தன் பணிகளை நிறுத்திவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் நடந்த சங்கம். ஒரே வருமானத்தை நம்பிய கடை, ஒரே வாடிக்கையாளரை நம்பிய மொத்த வியாபாரி என்று நமக்குப் பல முகங்கள் ஞாபகம் வந்தன. பிறகு ரெட்கேட் என்ற பிரிட்டிஷ் கம்பெனி அதன் பெயரையும் மாநாட்டையும் எடுத்து நடத்தத் தொடங்கியது. சனிக்கிழமைக் கூட்டங்கள் மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை; லாபநோக்கற்ற தனி அமைப்பின் பெயரில் மறுபடி நடக்கின்றன.

கிட்லேப் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் கதை வேறு. அதற்கு முதலாளியே கிடையாது. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-இல் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது. உலகெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதைப் பயன்படுத்துவோரின் இந்திய மாநாடு பெங்களூரில் நடந்து வருகிறது. நம் பகுதி சாப்ட்வேர்காரர்கள் யாராவது போய்வந்தால், கேட்டதை இந்த இதழில் எழுதித் தர வேண்டுகிறோம்.

வரும் மாதக் கூட்டத்தன்று, கூட்டத்துக்கு முன் மாலை 4 மணி முதல் 6 மணி வரை, சங்க அலுவலகத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இதற்கென்றே ஒதுக்கி வைக்கப்படும். உறுப்பினர்கள் தங்கள் பேக்கப் பென் டிரைவைக் கொண்டுவந்து, கணக்கு திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். முடிந்தால் சாப்ட்வேர்காரரையும் உடன் அழைத்து வரவும். சாப்ட்வேரை அந்தக் கம்ப்யூட்டரில் போட அவர்தான் வேண்டும். திறந்ததும் முதலில் ஏதாவது ஒரு வாடிக்கையாளரின் பாக்கியையும் முந்தின நாள் கடைசி பில்லையும் சரிபார்க்கவும். ஆகவே அந்த இரண்டையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வருவது அவசியம். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்ல வேண்டாம், தாங்களே அடித்துக்கொள்ளலாம். பார்த்து முடித்தவுடன், தங்கள் கண் முன்பாகவே அந்தக் கணக்கு கம்ப்யூட்டரிலிருந்து நீக்கப்படும். முதல் ஆளாக நம் எழுத்தர் சங்கத்தின் பென் டிரைவைத் திறந்து காட்டுவார். இப்போதெல்லாம் அவர் நோட்டில் 'நகல் எடுத்தது' என்பதற்குப் பக்கத்தில் 'திறந்து பார்த்தது' என்று இன்னொரு கட்டம் போட்டிருக்கிறார்.